கொசுவலைக்குள் ஒரு கியர்பாக்ஸ்

மாசி மாதம், மண்டேலா நகர் தாண்டி
ரிங் ரோட்டில் மிதித்தேன்.
முள் ஏறியது, சத்தம் ஏறியது.
வேகம் ஏறவில்லை.
கைமாற்றுக் கேட்டால்
"பாத்துக்கலாம் பாத்துக்கலாம்" என்பார்களே சிலர்,
அந்த மாதிரி வழுக்கியது மூன்றாவது கியர்.

வண்டி பழைய காண்டெஸா.
உள்ளே உட்கார்ந்திருப்பது அதற்கு ஒட்டோ உறவோ இல்லாத
ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, ஐந்நூறு குதிரை.
கியர்பாக்ஸ் முந்நூறு குதிரைக்குப் பிறந்தது.
"தாங்காது பாய்" என்றார் நெல்பேட்டை நாகூர்கனி,
எனக்கு அதை விற்று
ஒரு வருஷம் கழித்து.

அடித்தட்டைக் கழற்றினேன்.
நன்னாரி சர்பத் நிறத்தில் ஊற்றிய எண்ணெய்
காப்பிச் சக்கையாக வடிந்தது.
தீய்ந்த வாடை மூன்று நாள்
தலையணை வரை வந்தது.

வில்லாபுரம் ஹவுசிங் போர்டில் கராஜ் ஏது?
முன்னறைதான். கத்திரி வெயில்.
ஃபேன் போட்டால் தூசி,
போடாவிட்டால் மூக்கு நுனி வியர்வை
நேராக வால்வு பாடிக்குள்.
கட்டிலில் கொசுவலையைக் கட்டி
உள்ளே நானும் கியர்பாக்ஸும்.
கோமளவல்லி வெளியே நின்று சொன்னாள்:
"கல்யாணமான புதுசுல கூட
இப்படி இழுத்து மூடிக்கிட்டு உக்காரல."

அவளுடைய வாசலின் டப்பாவும் வலைக்குள் வந்துவிட்டது.
எஃகு உருண்டைகள் குழியில் நழுவாமல் நிற்க
அதைவிட நல்ல பசை இல்லை.
குழி எட்டு. உருண்டை எட்டு.
மறுநாள் எண்ணினால் ஏழு.

மெத்தையை உதறினோம்.
ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த மீன் காந்தத்தை
நூலில் கட்டித் தரை முழுக்க இழுத்தாள்.
இரண்டு ஹேர்பின், ஓர் ஊக்கு,
பேனா ஸ்பிரிங்.
சாயங்காலம் காலிப்பர் பூட்ஸைக் கழற்றினேன்,
டிங் என்று விழுந்தது எட்டாவது.
பகல் முழுக்க அதன் மேல்தான் நடந்திருக்கிறேன்.
இடது பாதத்துக்கு உறைக்காது.
கப்பலூர் டோல்கேட்டில் அந்த லாரிக்கு அப்புறம்
எதுவும் உறைக்காது.

கிளட்ச் இல்லாத வண்டி எதற்கென்று
கேட்டவர்களுக்கெல்லாம்
"ஸ்டைலுக்கு" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இட்லி அரிசி ஊறிய வாளிக்குப் பக்கத்து வாளியில்
புதுத் தட்டுகள் எண்ணெயில் ஊறின.
ஐந்து தட்டு இருந்த இடத்தில் ஆறு.
நடுவில் வரும் இரும்பை மெல்லியதாக மாற்றி
நெருக்கி உட்காரவைத்தேன்,
மாட்டுத்தாவணி பஸ்ஸில்
மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளை ஏற்றுவதுபோல.
பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை இரவல் வாங்கி
துளையில் காற்றுக் கொடுத்தேன்.
தப்.
தட்டுகள் இறுகிப் பிடித்த சத்தம்.
கோமளவல்லி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு
"இன்னொரு தடவை" என்றாள்.
தப்.
"இன்னொரு தடவை."

கன்வர்ட்டரை உள்ளே தள்ளினால்
மூன்று டக் கேட்க வேண்டும்.
இரண்டுதான் கேட்டது.
போல்ட்டைப் போட்டு இறுக்கினால்
நெருங்கி வந்துவிடும்,
பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும்.
பம்ப் உடைவது சாவி போட்ட பிறகுதான்.
ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.
உள்ளங்கையால் திருப்பினேன்,
கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே.
கடைசி விமானம் மாடிக்கு மேலே தாழ்ந்து போனது.
கரண்ட் போய் வந்தது.
கோமளவல்லி சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்,
அவள் மடியில் டார்ச் மட்டும் முழித்திருந்தது.
எத்தனை மணி என்று தெரியாது,
டக்.

விடிகாலை நாலு மணி. அதே ரிங் ரோடு.
ஒன்று. இரண்டு.
கோமளவல்லி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.
மூன்று விழும் நேரம்
என் இடது தொடை தானாக எழுந்து
அங்கே இல்லாத ஒரு பெடலை
முழுசாக மிதித்தது.